தைக்காமல் விட்ட காயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ஒரு தாய் எழுதிய கடிதம் படித்தேன். சாலை விபத்தில் மகனுக்கு ஆடுசதை கிழிந்து, காயம் முழுக்க மண். அறுவை அரங்கில் சுத்தம் செய்தவர்கள் ஒரு தையல்கூடப் போடாமல் கட்டுக் கட்டி, ஐந்து நாள் கழித்துப் பார்க்கலாம் என்றார்களாம். 'இது என்ன அலட்சியம்?' என்று கேட்டிருந்தார். அந்தப் பையனை நான் பார்க்கவில்லை. ஆனால், தைக்காமல் விடுவது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

1971இல் நான் ராணுவ மருத்துவப் பிரிவில் கேப்டன். திரிபுராவில் அகர்தலா பக்கம் கூடாரத்தில் இயங்கிய கள மருத்துவமனையில் வேலை. வங்கதேசப் போர் டிசம்பர் 3இல் தொடங்கி 16இல் முடிந்தது என்பார்கள். எங்களுக்கு நவம்பரிலேயே அடிபட்டவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மிதிவெடி பாதத்தைப் பிய்ப்பதோடு நிற்காது. மண்ணையும் பூட்ஸ் துணியையும் தசைகளின் இடுக்கு வழியே மேலே ஏற்றிவிடும். ஒரு ஜவானின் ஆடுசதையிலிருந்து காலுறை நூல் ஒன்றை இடுக்கியால் இழுத்தேன். அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

எங்கள் மூத்த சர்ஜன் தசையிடம் நான்கு கேள்வி கேட்கச் சொல்வார். நிறம் சரியா, பதம் சரியா, கிள்ளினால் துடிக்கிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா? இல்லையென்றால் வெட்டி எறி, மூடாதே. முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியத்தின் எருவிட்ட வயல்களில் அடிபட்டவர்களுக்குத் தைத்து மூடிப் பார்த்து, ஏராளமான கால்களைப் பறிகொடுத்தபின் வந்த புத்தி அது. படித்துத்தான் இருந்தேன்.

ஓரிரவு ஒரு பையன் வந்தான். இருபது வயதுகூட இருக்காது. ஆடுசதையில் குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது. சின்னக் காயம். சுத்தம் செய்தேன். "டாங்கா லகா தோ, சாப்" என்று கெஞ்சினான்; தையல் போடுங்கள் என்று. ஏன் போடக் கூடாது என்று விளக்கும் அளவுக்கு என்னிடம் இந்தி இல்லை. வெளியே இன்னும் ஆறு ஸ்ட்ரெச்சர். தைத்துவிட்டேன். அழகாகவே தைத்தேன்.

வண்டி கிடைக்காமல் அவன் எங்களிடமே தங்க நேர்ந்ததால்தான் நடந்தது எனக்குத் தெரிந்தது. மறுநாள் மாலை வலி தாங்காமல் துடித்தான். கால் பளபளவென்று வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன், தோலுக்கடியில் நறநறவென்று காற்றுக்குமிழ்கள் நகர்ந்தன. கூடவே குமட்டும் ஓர் இனிப்பு வாடை. தையலைப் பிரித்தபோது தசை செங்கல் நிறத்தில் இருந்தது, கிள்ளினால் அசையவில்லை. வாயு அழுகல் (gas gangrene): மண்ணோடு புகுந்த கிருமி, காற்றுப் புகாமல் மூடிய காயத்துக்குள் பெருகித் தசையை அழுக வைப்பது. மூத்தவர் முழங்காலுக்கு மேலே காலை வெட்டி உயிரைக் காப்பாற்றினார். என்னைத் திட்டவில்லை. விளக்கைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.

எல்லாக் காயத்தையும் திறந்தே விட வேண்டும் என்று சொல்லவில்லை. சுத்தமான கத்தி வெட்டை உடனே தைக்கலாம். முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம். அங்கே பெரும்பாலும் காத்திருக்க மாட்டார்கள். மண் புகுந்து நசுங்கிய காலின் கதை வேறு. ஆனாலும் அந்தத் தாயின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எனக்காவது மொழி தெரியாது. அவரிடம் தமிழிலேயே இரண்டு நிமிடம் பேசியிருக்கலாமே?

அம்மா, ஐந்தாம் நாளுக்கு முன் வலி ஏறினாலோ, வீங்கினாலோ, வாடை வந்தாலோ ராத்திரியானாலும் ஓடுங்கள். இல்லையென்றால், கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். சதை ஈரமாக, நல்ல சிவப்பாக, சீழ் இல்லாமல் இருந்தால் அநேகமாக அன்றைக்கே தைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)