அந்தத் தழும்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியே உருவாக்கும் முகங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். போலியைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்லியிருந்தீர்கள். நான் போட்டோக்களுக்கு டச்சிங் செய்து பிழைப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன் நான். முகச் சுருக்கம் நெகட்டிவில் வெளுத்த கோடாகத் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அதைப் புள்ளி புள்ளியாக நிரப்பினால் பிரிண்டில் சுருக்கம் மறைந்துவிடும். 2002-இல் போட்டோஷாப்பில் 'ஹீலிங் பிரஷ்' வந்தது. குணமாக்கும் தூரிகை என்று அதற்குப் பெயர். இப்போது அதுகூட வேண்டாம், போனே எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் இறந்துபோன தன் அப்பாவின் பழைய போட்டோவைக் கொண்டுவந்தார். மடிப்பு, கறை எல்லாம் நீக்கினேன். இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு இருந்தது. கைப்பழக்கத்தில் அதையும் எடுத்துவிட்டேன். படத்தை வாங்கியவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பா மாதிரிதான் இருக்கு. ஆனா அப்பா இல்லையே. அந்தத் தழும்பு எங்கே?" என்று கேட்டார். கைக்குழந்தையான இவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கால் தவறி, குழந்தைக்கு அடிபடக் கூடாதென்று முகத்தைக் கொடுத்து விழுந்தாராம் அந்த மனிதர்.

அன்று இரவு பைபிளில் யோவான் 20-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். சிறுவயது முதல் கேட்ட பகுதிதான். மரணத்தையே வென்ற உடம்பில் ஆணித் தழும்பு எதற்கு? நீக்கத் தெரியாதவரா கடவுள்? ஆனால் உயிர்த்த இயேசு தம் கைகளையும் விலாவையும் காட்டித்தான் சீடர்கள் முன் நின்றார். எட்டு நாள் கழித்து, தொட்டுப் பார் என்று, நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் நீட்டியதும் அதே காயங்களைத்தான். இயேசுவைத் தெரியாது என்று சீடர் பேதுரு மூன்று முறை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் மறைக்காமல் எழுதியிருக்கின்றன. என் கையில் கிடைத்திருந்தால் முதலில் அதைத்தான் அழித்திருப்பேன்.

மத்தேயு 6-இல் பழைய மொழிபெயர்ப்பு 'மாயக்காரர்' என்று சொல்வதை, 'திருவிவிலியம்' என்ற புதிய மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கு மேடை நடிகர் என்று பொருள். வேடம் கட்டி ஜெபிக்காதே, கதவைச் சாத்திக்கொண்டு தனியே ஜெபி என்கிறார் ஆண்டவர். நானோ ஆலயத்திலும் முகத்துக்கு டச்சிங் செய்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். என் மகன் என்னோடு பேசி இரண்டு வருடமாகியிருந்தது. யாராவது விசாரித்தால், "ஆண்டவர் கிருபையில் எல்லாரும் சுகம்" என்பேன். எந்தச் செயற்கை அறிவும் எனக்கு எழுதித் தந்த பொய் இல்லை அது.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னபோது, வழக்கமாகச் சொல்லும் அழகான வரிகள் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, தப்பு என் மேல்தான். அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது வருடமாக எனக்குப் பழக்கமானவர். தன் தம்பியோடு பேச்சில்லாமல் போனதை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னார்.

போலிப் படத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளை நீங்கள் தாராளமாக எழுதுங்கள், ஜனங்களுக்கு அது தேவை. கூடவே, நாமே நம் மேல் பூசிக்கொள்வதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்குத் தழும்போடு வேறு படம் போட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் யார் பழைய போட்டோ கொண்டுவந்தாலும், "எதை எடுக்கக் கூடாது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். மகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்