பூட் லோடரை மாற்றச் சொன்னால் பார்ட்டிஷன் டேபிளை அழித்ததற்கான புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
உரம், பூச்சிமருந்து விற்பனை நிலையம்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர்,
கணினிப் பராமரிப்பு நிறுவனம்,
தஞ்சாவூர்.

பொருள்: நல்ல ஹார்ட் டிஸ்க்கைப் பழுது என்று எழுதிக் கொடுத்தது, வாங்கிய தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

எங்கள் கடையின் குறுவை, சம்பா கடன் கணக்கு முழுவதும் ஒரு பழைய லினக்ஸ் கணினியில் இருக்கிறது. அதில் இருந்தது லிலோ பூட் லோடர், அதாவது கணினி ஆன் ஆனதும் லினக்ஸை ஏற்றிவிடும் சின்ன நிரல். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்த பிறகு திரையில் 'எல்', 'ஐ' என்ற இரண்டு எழுத்தோடு நின்றுபோனது. லிலோ தன் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டிக்கொண்டே ஏறும். எந்த எழுத்தில் நிற்கிறது என்பதை வைத்தே சிக்கல் எங்கே என்று ஊகிக்கலாம். லிலோ கட்டளையை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த மென்பொருளின் உருவாக்கமே 2015 டிசம்பரோடு நின்றுவிட்டது, க்ரப் 2 என்ற இன்னொரு பூட் லோடருக்கு மாற்றிவிடலாம் என்று உங்கள் டெக்னீஷியன் சொன்னார். நியாயமான யோசனைதான். சரி என்றேன்.

அதன்பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். க்ரப்பை முறையாக நிறுவும் க்ரப்-இன்ஸ்டால் கட்டளையை அவர் கொடுக்கவே இல்லை. வேறு ஏதோ கணினியிலிருந்து எடுத்துப் பென்டிரைவில் வைத்திருந்த எம்.பி.ஆர். (டிஸ்க்கின் முதல் செக்டார்) நகல் கோப்பை, பைட்டுகளை அப்படியே பிரதியெடுக்கும் டிடி கட்டளையால் எங்கள் டிஸ்க்கின் முதல் செக்டார் மேல் எழுதினார். 512 பைட்டும் முழுசாக. "எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார் பண்றோம், அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

அந்த 512-இல் முதல் 446 பைட்தான் பூட் லோடருக்கு உரியது. அடுத்த 64 பைட், டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட் அடையாளக் குறி. வயல் இருந்த இடத்திலேயே இருக்க, பக்கத்து ஊர் புலப்படத்தைக் கொண்டுவந்து எங்கள் பட்டாவோடு தைத்த கதைதான். 446 பைட்டை மட்டும் எழுதியிருந்தாலும் கணினி ஏறியிருக்காது. க்ரப் 2-இன் அடுத்த கட்ட நிரல், முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவிலுள்ள காலி இடத்தில் உட்கார வேண்டும். பழைய டிஸ்க் என்பதால் எங்களுடையதில் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டாரிலேயே தொடங்குகிறது. காலி இடம் 31 கேபி. அது போதுமா என்று பார்த்து வைக்கத்தான் க்ரப்-இன்ஸ்டால் இருக்கிறது.

திரும்ப ஆன் செய்தால் ஒன்றும் வரவில்லை. உடனே ஜாப் ஷீட்டில் "ஹார்ட் டிஸ்க் பழுது" என்று எழுதி, ரூ.1,400 வாங்கிக்கொண்டு, புது டிஸ்க்குக்கும் டேட்டா மீட்புக்கும் தனி எஸ்டிமேட் நீட்டினார். ஆண்டு ஒப்பந்தத்தில் கூலி அடக்கம் என்று கையெழுத்துப் போட்டது உங்கள் நிறுவனம். மேட்டூர் திறந்து, யூரியாவுக்கும் டிஏபிக்கும் ஆள் வரிசையில் நிற்கிற நேரம். யார் பேரில் எவ்வளவு பாக்கி என்று சொல்ல முடியாமல் துண்டுச் சீட்டில் எழுதி வியாபாரம் பார்த்தோம்.

உங்கள் எஸ்டிமேட்டை ஒதுக்கிவிட்டு, தெரிந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவரைக் கூப்பிட்டேன். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் மூலம் பழைய பார்ட்டிஷன் எல்லைகளைத் தேடிப் பிடித்து டேபிளைத் திரும்ப எழுதினார். லினக்ஸ் உள்ள லைவ் பென்டிரைவிலிருந்து கணினியை ஏற்றி, சிரூட் மூலம் டிஸ்க்கில் இருந்த எங்கள் லினக்ஸுக்குள் நுழைந்து, பார்ட்டிஷனுக்கு இல்லாமல் முழு டிஸ்க்குக்கு க்ரப்-இன்ஸ்டால், பிறகு க்ரப்பின் மெனுவை உருவாக்கும் அப்டேட்-க்ரப். கணினி ஏறியது, கணக்கு ஒரு வரி குறையாமல் இருந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் சோதனையில் ஒரு பேட் செக்டார்கூட இல்லை. பழுதான டிஸ்க்காம்!

ஆகவே ரூ.1,400-ஐத் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியம், "ஹார்ட் டிஸ்க் பழுது" என்ற பதிவை ரத்து செய்து எழுத்தில் தர வேண்டும். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதைக் காட்டி விலை ஏற்ற விடமாட்டேன். அந்தப் பென்டிரைவ் கோப்பு இன்னும் எத்தனை கடைகளுக்குப் போகப்போகிறது என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

இணைப்பு: ஜாப் ஷீட், ரசீது, ஸ்மார்ட் அறிக்கை ஆகியவற்றின் நகல்கள்.