விழா மேடையில் நான் சொல்லாமல் விட்டது

சாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாரே, நம் டீச்சர், நேற்று அவருக்குப் பணி நிறைவு விழா நடந்தது. தேர்வுப் பணி காரணமாக உன்னால் வர இயலவில்லை என்று அவரிடம் சொன்னேன். "பரீட்சையை விட்டுவிட்டு வந்திருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்" என்றார். இரவு நீ தொலைபேசியில் அழைத்து, மேடையில் நான் என்ன பேசினேன் என்று கேட்டாய். இரண்டு நிமிடம் பேசினேன். பேச வேண்டியதைப் பேசவில்லை. அதை உனக்காவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விழா நன்றாகவே நடந்தது. பேசியவர்கள் அனைவரும் அவருடைய 35 ஆண்டுச் சேவையைப் பாராட்டினார்கள், ஒருவர் அவரைத் தெய்வம் என்றே சொல்லிவிட்டார். அப்போது டீச்சர் தமக்குப் போர்த்திய பொன்னாடைகளை மடியில் வைத்து ஒவ்வொன்றாக மடித்து மஞ்சள் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் மதிப்பூதியம் வராமல் மளிகைக் கடையில் கடன் சொன்ன காலத்தில் யாரும் அவரைத் தெய்வம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஓய்வூதியமும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறவருக்குத் தெய்வப் பட்டம் மிகவும் சிக்கனமான பரிசுதான்.

நான் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், கணக்கு எழுதியவன் என்பது உனக்குத் தெரியும். எந்தக் கணக்கை எழுதினேன் என்பது தெரியாது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது நிறையாத எவரையும் தீப்பெட்டித் தொழிலில் வைக்கக் கூடாது. எங்கள் ஆபீசில் இரண்டு வருகைப் பதிவேடுகள் இருந்தன; ஒன்று கூலி கொடுப்பதற்கு, மற்றொன்று ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு. இரண்டாவதில் சிறுபிள்ளைகளின் பெயர்கள் இராது. இரண்டுமே என் கையெழுத்துத்தான். விடியுமுன் ஆபீஸ் பேருந்து ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிவரும். இருட்டில் ஏறும் பிள்ளைகளில் பாதிப் பேர் தூக்கத்திலேயே வந்து, குச்சி அடுக்கும் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் கண் விழிப்பார்கள். கட்டையின் வரிப்பள்ளங்களில் குச்சியை ஒவ்வொன்றாக அடுக்கச் சின்ன விரல்கள்தான் தோது என்று முதலாளிகள் சொல்வார்கள், நாங்களும் அதைத் திருப்பிச் சொல்வோம்.

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், ஆறு மாதத்துக்குள் கணக்கெடுப்பை முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. செய்தி வந்த வாரத்தில் ஆபீசில் எனக்கு ஒரு புதிய வேலை தரப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் ஏதும் இல்லாத ஊர்களில் வயதைத் தாயின் வாய்ச்சொல்லால்தான் முடிவு செய்ய முடியும் என்பதால், தாய்மார்களைக் கூட்டி, "யார் கேட்டாலும், எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த வருஷம் பிறந்த பிள்ளை என்று சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சத்துணவுத் திட்டம் 1982-இல் வந்தது; அப்படிச் சொன்னால் பிள்ளைக்கு 14 வயது கடந்துவிடும். கணக்குப் பார்த்து அந்த வருஷத்தைத் தேர்ந்து கொடுத்தவனும் நான்தான்.

டீச்சர் அப்போது தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டம் 1988-இல் நம் பக்கத்தில் தொடங்கியது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகள் ஐம்பது பேரை ஓர் இடத்தில் சேர்த்து, மதிய உணவும் மாதம் 100 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்கவைத்து, பிறகு வழக்கமான பள்ளிக்கு அனுப்புவார்கள். கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் முதலில் என்னிடம்தான் கூலிப் பதிவேட்டைக் கேட்டார். ஆபீசில் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து, நம் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார். அப்படி ஒரு பதிவேடே இல்லை என்றேன். "சரி அண்ணாச்சி" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன் பேருந்து நிற்கும் விலக்கில், பாலத்துக் கட்டைச் சுவரில், கையில் டார்ச் விளக்கோடும் ஒரு நோட்டோடும் அவர் உட்கார்ந்திருந்ததை ஓட்டுநர் வந்து சொன்னார். அதற்கு அடுத்த நாளும் அங்கேயே இருந்தாராம். ஏறுகிற பிள்ளைகளின் பெயரைப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதிக்கொண்டு, மாலையில் அந்தந்த வீட்டுக்குப் போனார். தாய்மார்கள் நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்கள். டீச்சர் அதை மறுக்கவில்லை. பேச்சுவாக்கில், "இந்திரா காந்தி அம்மா இறந்தார்களே, அன்றைக்குப் பஸ்ஸெல்லாம் நின்றுபோனதே, அப்போது இவள் நடந்தாளா, இடுப்பில் இருந்தாளா?" என்று கேட்பார். எந்தத் தாயும் அதற்குப் பொய் சொல்லத் தயாராகி வந்திருக்கவில்லை. "அப்போ இவ வயித்துல" என்று பதில் வரும். 1984 கடைசி அல்லது 1985 என்று நோட்டில் ஏறிவிடும். எம்.ஜி.ஆர். இறந்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள்கூட அந்தப் பட்டியலில் இருந்தார்கள், அதாவது ஒன்பது வயது. நான் ஒரு வருஷத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவர் வேறு வருஷங்களைக் கேட்டார்.

நீயும் எம்.ஜி.ஆர். இறந்த வருஷத்துப் பிள்ளைதான். உன் அம்மா வீட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவசர ஆர்டர் வந்தால் உன்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் பக்கத்தில் உட்காரவைப்பாள், நானும் ஒன்றும் சொன்னதில்லை. மைதாப் பசை காய்ந்து உன் விரல் நுனித் தோல் உரிந்திருக்கும். டீச்சர் அதைப் பார்த்துக் கேட்டபோது, குடும்பத்தார் சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று பிரிவைச் சொல்லியே வாதாடினேன். அந்தக் காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது, நான் சொன்னதில் பிழை இல்லை. "சட்டம் உங்கள் வீட்டுக்குள் வராது அண்ணாச்சி, நான் வருவேன்" என்றார். வந்தார். ஏறக்குறைய ஓராண்டு, வாரத்தில் மூன்று மாலையாவது வந்து, பெட்டி அடுக்கியிருந்த பாயின் ஓரத்திலேயே உன்னை உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்டார். நீ பள்ளிக்குப் போகாத நாளில் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி ஒட்ட எவ்வளவு கூலி என்று என்னைக் கேட்டு, அதை நோட்டில் எழுதி, என் முகத்தைப் பார்ப்பார். அந்த ஓராண்டுக்குப் பிறகு நீ ஒருநாளும் பள்ளிக்கு மட்டம் போட்டதில்லை.

எல்லாம் அவர் ஒருவரால் நடந்தது என்று நான் எழுதினால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். குச்சி அடுக்க எந்திரம் வந்தது, பள்ளிகள் பெருகின, வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று குடும்பமும் சுருங்கியது. 2016-இல் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள்; பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசலை அப்போதும் திறந்தே வைத்தார்கள். அந்த ஒரு வரியைப் பற்றி டீச்சர் இன்னமும் கோபமாகப் பேசுவார். சிறப்புப் பள்ளிகளும் பின்னர் பொதுக் கல்வித் திட்டத்தில் கரைந்துவிட்டன. அதற்கு முன்பே அவர் குழந்தைத் திருமணங்களைத் தடுப்பது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளுக்கு ஓடுவது, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளில் சாட்சி சொல்லப் போகும் பிள்ளைகளுக்குத் துணையாக நீதிமன்ற வராந்தாவில் காத்திருப்பது என்று வேறு வேலைகளுக்குப் போயிருந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நேற்று மேடைக்குக் கீழே அழுதுகொண்டு நின்ற இளம்பெண்களுக்குத் தெரிந்திருக்கும்.

என்னைப் பேச அழைத்தபோது, "முன்னாள் மாணவியின் தந்தை" என்று அறிமுகம் செய்தார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தினேன். முன்வரிசையில், நான் கூலி எழுதிக் கொடுத்த பெண்கள் மூன்று பேர் பேரக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பதிவேடு என்ற சொல் வாய்க்கு வரவே இல்லை.

விழா முடிந்து சாப்பிடும்போது டீச்சர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்து நோட்டுகள் பத்தொன்பது வீட்டில் இருப்பதாகவும், அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று இனிமேல் தேடிப் பார்க்கப்போவதாகவும், மழையில் நனைந்து சில பக்கங்களில் பெயர் அழிந்துபோயிருப்பதாகவும் சொன்னார். பிறகு இலையைப் பார்த்தபடியே, "உங்களுக்கு நினைவிருக்குமே அண்ணாச்சி" என்றார். இருக்கிறது என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாளை முதல் காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன். பழைய கண்ணாடியில் சின்ன எழுத்து தெரியவில்லை; போன முறை நீ அழைத்துப் போன கடையில் என் கண்ணளவுச் சீட்டு இருக்கும், புதிதாக ஒன்று செய்யச் சொல்லிப் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. வரும்போது இந்தக் கடிதத்தில் கேட்க வேண்டியதை நேரிலேயே கேள்.

உன் அப்பா