14,294 பேருக்கு ஒரு செனட்டர்: மிச்சக் கதை

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில தொகுதி மறுவரையறை பத்தி ஒருத்தர் எழுதியிருந்தார், அதுல கலிபோர்னியாவ இழுத்து, அங்க ஒரு காலத்துல 14,000 பேருக்கும் ஒரு செனட்டர், 60 லட்சம் பேருக்கும் ஒரு செனட்டர், இதைவிட கேலிக்கூத்து உண்டான்னு கேட்டு முடிச்சிட்டார். கணக்கு சரிதான், தப்பு சொல்ல முடியாது. ஆனா நான் அதே கலிபோர்னியாவுல பேக்கர்ஸ்ஃபீல்ட்ல குடியிருக்கேன், வருஷத்துக்கு ஒருதடவையாவது பிள்ளைங்களோட 395 ரோட்டுல அந்த 14,000 பேர் தொகுதிப் பக்கம் போறவன், அதான் எழுதறேன். நம்ம ஊர் சண்டைக்குள்ள நான் வரல.

அவர் சொன்னது பழைய 28-வது மாநில செனட் தொகுதி, செனட்னா இங்க கலிபோர்னியா மாநிலத்தோட மேலவை. ஆல்பைன், மோனோ, இன்யோன்னு மூணு கவுண்டி, கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம்னு வச்சுக்கங்க. ஒரு பக்கம் சியரா நெவாடா பனிமலை, இன்னொரு பக்கம் டெத் வேலி. 1960 கணக்கெடுப்புல மூணுத்துக்கும் சேர்த்து 14,294 பேர், அதுலயும் ஆல்பைன்ல வெறும் 397 பேர், நம்ம ஊர் கல்யாணத்துல ரெண்டாவது பந்திக்குக்கூட பத்தாது. அதே வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில 60,38,771 பேர். ரெண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு ஒரு செனட்டர்தான். அதாவது அந்த மலைக்காட்டுல ஒரு ஓட்டு லாஸ் ஏஞ்சல்ஸ்ல 422 ஓட்டுக்கு சமம்.

இது ஏதோ கிராமத்துக்காரங்க ராத்திரியோட ராத்திரியா செஞ்ச திருட்டு வேலைங்கற மாதிரி அவர் எழுதியிருக்கார் பாருங்க, அங்கதான் எனக்கு உடன்பாடு இல்ல. 1926-ல மாநிலம் முழுக்க மக்கள் ஓட்டுப் போட்டு கொண்டுவந்த ஏற்பாடு இது. லாஸ் ஏஞ்சல்ஸ் வளர்ற வேகத்தப் பார்த்து சான் பிரான்சிஸ்கோ வியாபாரிகளுக்கே வயித்துல புளி கரைச்சுது, விவசாயிங்களோட கைகோத்துக்கிட்டாங்க. எந்த கவுண்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல கிடையாது, மூணு கவுண்டிக்கு மேல ஒரு தொகுதியில சேர்க்கவும் கூடாது, மொத்தம் 40 சீட், அவ்வளவுதான் விதி. இதை மாத்தணும்னு 1948, 1960, 1962-னு மூணு தடவை மறுபடி மக்கள்கிட்டயே போனாங்க, மூணு தடவையும் தோத்துது. மாநிலத்துல பெரும்பாலான ஓட்டு நகரத்துலதானே இருந்துச்சு, அப்ப நகரத்து ஆளுங்களும் வேணாம்னு போட்டிருக்காங்கன்னுதானே அர்த்தம்?

சரி, இப்ப தண்ணி விஷயத்துக்கு வரேன், இதை விட்டுட்டு அந்தத் தொகுதியப் பத்திப் பேசினா பாதிக் கதைதான். இன்யோவுல ஓவன்ஸ் ஆறு ஓடுது. 1913-ல லாஸ் ஏஞ்சல்ஸ் 233 மைலுக்கு கால்வாய் போட்டு அந்தத் தண்ணிய அப்படியே கொண்டுபோயிடுச்சு, கொஞ்ச வருஷத்துல ஓவன்ஸ் ஏரி காஞ்சு வெறும் உப்பும் புழுதியும் ஆச்சு. காத்து அடிக்கற நாள்ல ஏரி ஓரத்து லோன் பைன் ஊர் பக்கம் கார் கண்ணாடிய இறக்கிப் பாருங்க, தெரியும். 1924-ல ஊர்க்காரங்க கால்வாய்க்கு வெடி வச்சாங்க, அலபாமா கேட்ஸ் மதகைப் பிடிச்சு நாலு நாள் தண்ணிய ஆத்துக்கே திருப்பிவிட்டாங்க, ஒண்ணும் பலிக்கல. கடைசியில பள்ளத்தாக்குல விவசாய நிலம் பெரும்பாலும், ஊருக்குள்ள கடை வீடுகூட நிறைய, லாஸ் ஏஞ்சல்ஸ் சிட்டி வாங்கிப் போட்டுடுச்சு. சொந்த ஊர்லயே குத்தகைக்காரன், நிலத்துக்காரன் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஒரு மாநகராட்சி!

அந்த மாதிரி ஊருக்கு 1939-லருந்து 24 வருஷம் செனட்டரா இருந்தவர் சார்லஸ் பிரவுன். டெத் வேலி ஓரத்துல ஷோஷோன்னு ஒரு குட்டி ஊர், அதுல கடை வச்சிருந்தவர், அதுக்கு முன்னாடி கிரீன்வாட்டர்னு ஒரு சுரங்க கேம்ப்ல டெபுடி ஷெரிஃப். 1945-ல இவர் பேர்லயே ஒரு சட்டம் வந்துச்சு, லாஸ் ஏஞ்சல்ஸ் அங்க இருக்கற தன் நிலத்த மறுபடி குத்தகைக்கு விடறப்ப ஏற்கனவே இருக்கற குத்தகைக்காரருக்குத்தான் முதல் வாய்ப்பு கொடுக்கணும்னு. 14,000 பேருக்கு ஒரு முழு செனட்டர் இல்லேன்னா இது நடந்திருக்குமா, எனக்கு நம்பிக்கை இல்ல.

அதுக்காக அந்த ஏற்பாடு நியாயம்னு நான் வாதாடல. லாஸ் ஏஞ்சல்ஸோட ஒரே செனட்டரா இருந்த ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸ் அத்தனை லட்சம் பேர் குறையயும் தனி ஆளா எப்படிக் கேட்டிருப்பார்னு யோசிச்சா தலை சுத்துது. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, 1948-ல மாத்தக் கூடாதுன்னு பேசின கவர்னர் ஏர்ல் வாரன்தான் 1964 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியா உக்காந்து அலபாமா மாநிலத்துத் தொகுதி வழக்குல தீர்ப்பு எழுதினார், சட்டசபைக்காரங்க மக்களுக்குத்தான் பிரதிநிதி, மரத்துக்கோ ஏக்கருக்கோ இல்லன்னு. நாடு முழுக்க இந்த மாதிரி செனட் எல்லாம் அதோட காலி. கலிபோர்னியாவுல 1966 தேர்தல்லருந்து மக்கள்தொகைப்படிதான் தொகுதி, ஒத்தை சீட்டோட இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்கு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சீட் கிடைச்சுது.

1970-ல லாஸ் ஏஞ்சல்ஸ் ரெண்டாவது கால்வாயத் திறந்துச்சு, பள்ளத்தாக்குல நிலத்தடி நீரையும் உறிஞ்ச ஆரம்பிச்சுது. இன்யோ கவுண்டி 1972-ல கோர்ட்டுக்குப் போச்சு. அந்த மலைக் கவுண்டிங்களுக்குத் தனி சீட் போனதாலதான் ரெண்டாவது கால்வாய் வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஆனா அதுக்கப்புறம் அவங்களுக்கு இருந்த வழி வக்கீல்தான், செனட்டர் இல்ல.

இன்னிக்கு ஒரு செனட் தொகுதிக்கு சுமார் பத்து லட்சம் பேர். ஆல்பைன், மோனோ, இன்யோ மூணும் இப்ப 4-வது தொகுதிக்குள்ள இருக்கு, கூட பத்து கவுண்டி கிட்ட இருக்கு, மலைக்கு இந்தப் பக்கம் மொடெஸ்டோ சிட்டி வரைக்கும். மொடெஸ்டோவுல மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல ஜனம், இன்யோ முழுக்க சேர்த்தா இருபதாயிரம்கூட வராது, அப்ப வேட்பாளர் எங்க ஓட்டுக் கேட்டு சுத்துவார்னு நீங்களே சொல்லுங்க. 2022-ல அங்க நடந்தது இன்னும் கூத்து. கட்சி பார்க்காம முதல் ரெண்டு பேர் இறுதிக்குப் போற முறை அங்க, ரிபப்ளிகன் பக்கம் சாயற தொகுதியில ஆறு ரிபப்ளிகன் நின்னு ஓட்டைப் பிரிச்சதுல ரெண்டு டெமாக்ரட்டும் இறுதிக்கு வந்துட்டாங்க. ஜெயிச்ச மேரி ஆல்வராடோ-கில் 2024 ஆகஸ்ட்ல ரிபப்ளிகன் கட்சிக்குத் தாவிட்டார். இங்க கட்சித் தாவல் தடைச் சட்டமெல்லாம் கிடையாது, பதவி அப்படியே இருந்துச்சு.

ஆக அந்த வாசகர் கிட்ட ஒண்ணுதான் கேட்டுக்கறேன், அடுத்த தடவ 14,000-னு எழுதறப்ப பக்கத்துல அந்த 233 மைலையும் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
பேக்கர்ஸ்ஃபீல்ட்லருந்து உங்க பழைய வாசகன்