லூசியா நாள் வீடியோ கிடைத்தது

தூத்துக்குடி,
டிசம்பர் 16

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அப்பாவுக்குக் காட்டினேன், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காட்டினேன். வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்பு நாடா, தலையில் விளக்குக் கிரீடம். இருட்டுக்குள் மற்றப் பிள்ளைகளோடு பாடிக்கொண்டு வந்தாளே, என் பேத்திதானா என்று இருந்தது. பிள்ளையை நன்றாகத்தான் வளர்க்கிறாய்.

அந்தச் சிவப்பு நாடா எதற்கு என்று அவளிடம் சொன்னாயா? ஸ்டாக்ஹோமில் லூசியா நாள் குங்குமப்பூ பன்னோடும் பாட்டோடும் முடிந்துவிடக் கூடாது. லூசியா சிசிலித் தீவுப் பெண். ரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களை வதைத்த வேதகலாபனையில், 304-ல், உயிரைக் கொடுத்தாள். சிவப்பு அந்த இரத்தம். ஒளிந்திருந்த கிறிஸ்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக இரண்டு கையும் வேண்டுமே என்று விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டாளாம். நாலு வயதுப் பிள்ளைக்கு இரத்தமெல்லாம் வேண்டாம், இந்தச் சாப்பாட்டுக் கதை போதும். பசித்தவர்களைத் தேடிப் போகத்தான் வெளிச்சம் என்று அவளுக்கு விளங்கிவிடும்.

இருட்டில் பேய் இருக்கிறது, விளக்கைப் பார்த்தால் ஓடிவிடும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதே. அங்கே இப்போது மூன்று மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடுகிறது. பாதி நாளுக்கு மேல் இருட்டில் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் ஆகாது. இருளும் ஆண்டவருக்கு இருட்டில்லை என்று 139-ஆம் திருப்பாடலில் வருகிறதே, அதைச் சொல்.

வீடியோவில் ஜன்னலோரம் மின்சார விளக்கு தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுக்கும் உண்டான நாலு உண்மைத் திரிகளையும் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிறாயா? லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு அவள் கையாலேயே ஏற்றட்டும், தீக்குச்சியை நீ சேர்த்துப் பிடித்துக்கொள். ஏன் நாலையும் ஒரே நாளில் ஏற்றவில்லை என்று கேட்பாள். காத்திருக்கிறோம் என்று சொல். யாருக்காக என்று கேட்பாள். அதற்குப் பள்ளிக்கூடம் பதில் சொல்லாது, நீதான் சொல்ல வேண்டும்.

பெரியம்மா போன வாரம் வந்திருந்தாள். பேத்திக்கு எப்போது ஞானஸ்நானம் என்று அதே கேள்விதான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எத்தனை நாளைக்குச் சமாளிக்க?

பீரோவைத் துடைத்தபோது உன் ஞானஸ்நானத் திரி கிடைத்தது. பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றி உன் ஞானத்தந்தை கையில் கொடுத்தார்கள். பாதிதான் எரிந்திருக்கிறது.

ஈஸ்டர் ராப்பூசை உனக்கு மறந்திருக்காது. கோயிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டி, சாமியார் பாஸ்காத் திரியில் சிலுவை கீறி, அகரமும் னகரமும் அந்த வருஷத்து எண்ணும் போட்டு, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். ‘கிறிஸ்துவின் ஒளி இதோ’ என்று மூன்று தடவை பாடிக்கொண்டு இருட்டுக் கோயிலுக்குள் போவோம். அந்த ஒரு திரியிலிருந்து பக்கத்தில் இருப்பவருக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு. கொடுத்தவருடைய வெளிச்சம் குறைகிறதா என்று நீ அப்பா தோளில் இருந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தாய். யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை, நீயே கண்டுபிடித்தாய். உன் மகளும் கண்டுபிடிப்பாள், அங்கே நிற்க வைத்தால் போதும்.

மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் இருவர் விஷயம் அது. திரி ஏற்றும்போது தீக்குச்சியை நீ பிடி, மறந்துவிடாதே, அவள் முடி நீளம்.

ஈஸ்டருக்கு லீவு கிடைக்குமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். டிக்கெட் விலை ஏறிவிடும் என்று அப்பா சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா