பில் போட்டுக்கொண்டிருந்த இளவரசி

அக்காவுக்கு,

வீட்டு விஷயத்தில் முடிவெடுத்துவிட்டேன். எனக்குச் சம்மதம். ஏன், எவ்வளவு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சித்தி இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்.

கையெழுத்துக்கு முன்னால் ஆர்டனைப் பற்றிய நம் பழைய வாக்குவாதத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். (மற்றவர்களுக்காக: ஷானன் மெக்குவைர் 2009 முதல் எழுதிவரும் ‘அக்டோபர் டே’ தொடர். சான் பிரான்சிஸ்கோவில் மனிதர் கண்ணில் படாமல் ஃபே என்னும் மாய இனத்தின் அரசவைகள் நடக்கின்றன. ஃபே தாய்க்கும் மனிதத் தந்தைக்கும் பிறந்த டோபி அதில் துப்பறிகிறாள்.) ஏழாவது புத்தகம், 2013-இல் வந்தது, உனக்கு உயிர். 1906 நிலநடுக்கத்தில் மன்னர் கிலாட் இறந்ததும் அவருடைய மகள் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். நிஜ மகள் ஆர்டன், வலென்சியா தெருப் புத்தகக் கடையில் வேலை பார்க்கிறாள்.

“பாவம்டி, அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா?” என்பாய். கள்ள ராணியின் ஆட்சியில் காப்ளின் பழம் என்ற போதைக்கு அடிமையாகிச் சாகிற கலப்பினப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது என்று நான் கேட்பேன். அதைத் தட்டிக் கேட்டதற்குத்தான் டோபியை மூன்று நாளில் நாட்டைவிட்டே போகச் சொல்கிறாள் ராணி. டோபி ஓடிப்போய்ச் சிம்மாசனத்துக்குக் கூப்பிட்டால், ஆர்டன் முதலில் மாட்டேன் என்கிறாள். மந்திர அம்பு பட்டுத் தூங்கும் தம்பி நோலனைக் காவல் காப்பவள் வேறென்ன செய்வாள் என்று நீ மடக்குவாய். நியாயம்தான். அன்றும் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கடை நிஜக் கடை, பார்டர்லாண்ட்ஸ். நான் அங்கே வந்திருந்தபோது வாசலில் நிறுத்திப் படம் எடுத்தாய். அப்போது உன் போன் அடித்தது. திரையில் ‘வீடு’ என்று இருந்தது. ஒரு நொடி பார்த்துவிட்டு என் கையில் திணித்தாய். “நீயே பேசு, நீ பேசினால்தான் அவருக்குப் புரியும்.” அப்பா எடுத்த எடுப்பில் கேட்டது: “அவ பக்கத்துல இருக்காளா?” நீ தலையை ஆட்டினாய், இல்லை என்று சொல்லச் சொல்லி. கையில் அட்டைக் குவளையில் காப்பி. மூடியை அழுத்தி அழுத்திச் சரிசெய்துகொண்டிருந்தாய். “கடைக்குள்ள போயிருக்காப்பா” என்றேன். “சரி சரி, வந்ததும் சொல்லு” என்றார்.

பொய்யே சொல்ல முடியாத லூஷக்தான் தொடரில் உனக்குப் பிடித்தவள், இல்லையா?

அதற்காக உன்னிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அன்று மாலை நீ எனக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாய், பிறகு எப்படிச் சண்டை போடுவது? இப்போதும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். காரியத்தின்போது உறவினர் முன்னால் உன்னைப் பற்றி நான் சொன்னது அதிகம், மன்னித்துவிடு. ஆனால் பொய் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது யார் என்று அவர்களுக்கும் தெரியும். பணம் அனுப்பியது யார் என்பதும் தெரியும், அதையும் சொன்னேன். யாரும் உன்னிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்றுதான். ஆர்டன் மாட்டேன் என்றாள், ஒளிந்தாள், அழுதாள், கடைசியில் வந்தாள். ஆள் அனுப்பவில்லை, தானே வந்து நின்றாள். அதற்கப்புறம் அவள்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை, சொன்னால் நீ ஜெயித்ததாக நினைப்பாய்.

பவர் எழுதி அனுப்பினால் போதும், நேரில் வர வேண்டியதில்லை என்று வக்கீல் உன்னிடம் சொல்லியிருக்கிறார். சட்டப்படி சரிதான். நீ வா. பத்திரம் கூரியரில் வந்தால் நான் வாங்க மாட்டேன்.