பெண்கள் ஐக்கிய சங்கம்: 2023–24ஆம் ஆண்டறிக்கை

சேகர குரு அவர்களுக்கும், மூப்பர்களுக்கும், சங்கத்தின் தாய்மார், சகோதரிகள் அனைவருக்கும் கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் வாழ்த்துதல்கள்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கைப்பிடி அரிசி ஊழியத்தைக் குறித்தே நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்துவைத்து ஆலயத்தில் படைப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். பொன்னியும் ரேஷன் அரிசியும் பச்சரிசியும் கலந்துவிட்டால் ஒன்று குழைய மற்றொன்று வேகாமல் நிற்கும் என்பதால், பல ஆண்டுகளாக அதை ஏலம் விட்டுப் பணமாக்கி வந்தோம். அரிசியை அரிசியாகவே கொடுப்பதென இவ்வாண்டு தீர்மானித்து, வகை பிரித்துத் தகர டின்களில் கொட்டி, வண்டு பிடிக்காமல் காய்ந்த வேப்பிலை இட்டுப் பாதுகாத்தோம்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு, சாலைகள் அறுந்து, மின்சாரம் நின்று, கடைகளுக்குள் தண்ணீர் புகுந்த அந்நாட்களில், பணம் வைத்திருந்தவர்களாலும் ஒன்றும் வாங்க இயலவில்லை. ஆலயக் கூடத்தில் தஞ்சமடைந்த ஆற்றங்கரைத் தெருக் குடும்பங்களுக்கு, வெளியுதவி வந்து சேரும்வரை, டின்களிலிருந்த அரிசியையே ஆலயப் பொது விருந்தாகிய அசனத்திற்குரிய அண்டாக்களில் கஞ்சியாகக் காய்ச்சினோம். தங்கியிருந்தோரில் பெரும்பாலோர் நம் சபையார் அல்லர். நம்மோடு நின்று விறகு தள்ளியவர்களிலும் அவர்கள் இருந்தார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

நம் சபை விதவைகளுக்கல்லவா முதலில் கொடுக்க வேண்டும் என்று சில சகோதரிகள் பின்னர் கேட்டது நியாயமே. திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல், பாளையங்கோட்டையில் தோன்றிய தர்ம சங்கமும் நம்மவர் குடியிருக்க நிலம் வாங்கவே பணம் சேர்த்தது. ஆயினும், கொடிய தரித்திரத்திலிருந்த மக்கெதோனியா சபையார் தாங்கள் கண்டிராத எருசலேம் சபைப் பரிசுத்தவான்களுக்கு வாரிக் கொடுத்ததை அப்போஸ்தலனாகிய பவுல் மெச்சி எழுதியிருக்க, உள்ளூரில் பசித்திருப்பவரிடம் சபை அட்டையைக் கேட்க நமக்கு மனம் வரக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கலயம் வைக்காத வீடுகள் நம்மில் இன்னும் பல உள்ளன. அவையும் சேர்ந்தால் விதவைகளுக்கும் குறைவிராது.

அரிசி பெறுவோரின் பெயரை ஆலயத்தில் வாசிப்பதோ அவர்களைப் படம் எடுப்பதோ கூடாது என்ற செயற்குழுவின் தீர்மானத்தையும், இவ்வறிக்கையையும் இப்பேரவை ஏற்று அங்கீகரிக்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்